ஈரத்துணி பட்ட இடம்

கொட்டகையைத் திறந்து, பானெட்டின் மேல் விரித்திருந்த பழைய வேட்டியை உருவினேன், நட்ட நடுவில் ஒரு பொட்டு. துருப்பொட்டு. பெருவிரலை வைத்து அழுத்தி எடுத்த அளவு இருக்கும். அதைச் சுற்றி அரைவட்டமாக இன்னொரு கறை; அதை முழுசாகத் துரு என்று சொல்ல முடியாது, துரு வரப்போகிறது என்கிற மஞ்சள். மற்ற இடமெல்லாம் முந்தாநாள் நான் விட்டுப்போனபடியே இருக்கிறது. பழைய பெயிண்டை மருந்து போட்டு ஊறவைத்துச் சுரண்டி, அதற்கடியில் கிடந்த பட்டிப் பூச்சைக் கொத்தி எடுத்து, தோள்பட்டை கழலக் கழல உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்து, இந்தக் கிழட்டு அம்பாசடரின் வெறும் தகரத்தை வெளியே கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். முந்தாநாள் சாயங்காலமே ப்ரைமர் அடித்திருப்பேன், தூறல் போட்டது. ஈரக்காற்றில் அடிக்கிற ப்ரைமர் உள்ளே ஈரத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு மேலே சிரிக்கும். அதனால் காய்ந்த வேட்டிகளைப் போர்த்தி, சூட்டுக்கு ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, பூட்டிவிட்டுப் போனேன். வெறும் தகரத்தை யாரும் தொடக் கூடாது, விரல் வியர்வைகூட ஆகாது, அதிலும் இது தூத்துக்குடி, இங்கே காற்றே உப்பளத்தைத் தாண்டித்தான் வருகிறது. பெண்டாட்டி பிலோமியிடம் சொல்லியிருக்கிறேன், அவள் தம்பி லாம்பர்ட்டிடம் சொல்லியிருக்கிறேன், நானே கையுறை மாட்டாமல் கிட்டே போவதில்லை. அப்படியிருக்க இது எப்படி வந்தது? கூரை ஒழுகியதா? அண்ணாந்து பார்க்கிறேன், ஓட்டை ஒன்றும் இல்லை. பல்லியா? பல்லி பொட்டு வைக்குமா? என்னையே நான் கிண்டல் செய்துகொள்கிறேன்.

குனிந்து முகர்ந்து பார்க்கிறேன். வெறும் தகரத்துக்கென்று ஒரு வாசனை உண்டு, இரும்புச் சாவியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தால் வருமே, அது. அதற்குள்ளே சந்தனம். மெலிசாகத்தான், ஆனால் சந்தனம். பொட்டின் ஓரத்தில் துணிக்குத் தப்பிய ஒரு துளி சிவப்பு ஒட்டியிருக்கிறது, அது குங்குமம். துருவின் சிவப்பு வேறு, குங்குமத்தின் சிவப்பு வேறு. ஆயுசையெல்லாம் கப்பல் தளத்தில் சுத்தியலால் துருவைக் கொத்திக் கொத்திக் கழித்தவனுக்கு இது தெரியாதா. என் வீட்டில் சந்தனம் வைக்கிற ஆள் கிடையாது. எங்கள் தெருவில் வண்டி வாங்கினால் மாதா கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவோம், சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார், கண்ணாடியில் ஜெபமாலை தொங்கும். சந்தனம் வைக்கிறவர்களும் எனக்கு அந்நியமில்லை. கப்பலில் என்ஜின் ரூம் முத்துக்கருப்பன் ஆயுத பூஜையன்று பம்புக்கெல்லாம் பொட்டு வைப்பான், நான்தான் அவனுக்கு விளக்குப் பிடிப்பேன். அவன் ஒன்று சொல்வான், பிறத்தியார் பொருளுக்கு நாம் பொட்டு வைக்கப்படாது, நம்முடையது என்று ஆன பிறகுதான் வைக்கணும் என்று. கப்பல் உன்னுடையதாடா என்று கேட்டால், நான் இல்லாமல் ஓடுமா என்பான். அதனால் பார்க்க வந்தவன் பொட்டு வைக்க மாட்டான். பேசி முடித்தவன்தான் வைப்பான். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் ஒரு செவ்வந்தி இதழ் கிடக்கிறது. கூட்டியிருக்கிறார்கள், இது மட்டும் தப்பிவிட்டது. என் காரை யாரோ வாங்கிவிட்டார்கள். நான் இங்கே உப்புத்தாளும் கையுமாக நிற்கிறேன், அது வேறொருவருடையதாகிவிட்டது.

லாம்பர்ட். வேறு யார். போன வாரம் இதே இடத்தில், பின்கதவை நானும் அவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கீலில் மாட்டும்போது கேட்டான், “அத்தான், கோவில்பட்டியில ஒருத்தரு இருக்காரு, பழைய வண்டின்னா உசிர விடுவாரு. சும்மா ஒரு தடவ பாக்கட்டுமா?” என்று. “முடியட்டும்ல, ஊரே வந்து பாக்கட்டும்” என்றேன். “அதுவுஞ் சரிதான்” என்றான், கதவைப் பார்த்துக்கொண்டே. கீல் உட்கார்ந்துவிட்டது, ஆனாலும் அவன் கதவை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. அதை அப்போதே நான் கவனித்தேன், கவனித்ததை அப்போதே தூரப் போட்டேன். வண்டி அவன் பேரில்தான் இருக்கிறது. வாங்கும்போது நான் கடலில் இருந்தேன், கையெழுத்துப் போட ஆள் வேண்டும், லாம்பர்ட் போட்டான், யார் பேரில் இருந்தால் என்ன, ஒரே வீடுதானே என்று நான்தான் சொன்னேன். யார் பேரில் இருந்தால் என்ன. அவன் நோகாமல் விற்கலாம், ஒரு வார்த்தை என்னைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் இத்தனை நாளும் என்னோடு நின்று ஒடுக்கெடுத்தானே, தரைத்தகரத்தை வெட்டிப் புதுசு வைத்துப் பற்றவைத்தானே, “நல்லா வருது அத்தான்” என்று சொன்னானே, அதெல்லாம் எனக்காகவா, அந்தக் கோவில்பட்டிக்காரருக்காகவா? எப்போதிருந்து அவருக்காக? எந்த நாளில் அவன் சுத்தியல் பிடித்த கை எனக்கு வேலை செய்வதை விட்டு அவருக்கு வேலை செய்ய ஆரம்பித்தது? அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறேன், தெரியாது, ஆனால் தெரிய வேண்டும் போல இருக்கிறது. அந்த நாளுக்கு முன்னால் நடந்ததையாவது என்னுடையதாக வைத்துக்கொள்ளலாம் இல்லையா. சரி, லாம்பர்ட் ஏமாற்றினான். மச்சினன்மார் ஏமாற்றுவது உலகத்தில் நடக்காத ஒன்றா. திட்டலாம், சட்டையைப் பிடிக்கலாம், மாதா திருவிழாவுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். தாங்கிவிடலாம் என்றுதான் படுகிறது.

ஆனால் பொட்டைச் சுற்றி இருக்கிற அந்த அரைவட்டம். அதைப் பார்க்காதே என்று கண்ணிடம் சொல்கிறேன், கண் அதையேதான் பார்க்கிறது. சந்தனத்தை யாரோ துடைத்திருக்கிறார்கள். தண்ணீர்த் துணியால் துடைத்திருக்கிறார்கள். லாம்பர்ட் துடைத்திருந்தால் தின்னர் போட்டிருப்பான், அவனுக்குத் தகரம் தெரியும், வெறும் தகரத்தில் தண்ணீர் பட்டால் விடிவதற்குள் காட்டிக்கொடுத்துவிடும் என்று தெரியும். தண்ணீர் தொட்டுத் துடைத்தால் எல்லாம் போய்விடும் என்று நினைக்கிறவர் அடுக்களையில் இருக்கிறவர்தான். போகட்டும், அதுவாவது ஊகம். துடைத்த விதம் ஊகமில்லை. மேலே வலப்பக்கம் தொடங்கி, வளைந்து, தன்னைப் பார்க்க இழுத்து, முடியும் இடத்தில் ஒரு சின்ன வால், துணியை மடக்கித் தூக்கிய வால். லீவில் வந்து வீட்டில் சாப்பிட்ட ஒவ்வொரு வேளையும் இதைப் பார்த்திருக்கிறேன். தட்டை எடுத்த பிறகு மேசையை இப்படித்தான் துடைப்பாள் பிலோமி, எட்டத்திலிருந்து வளைத்துத் தன் பக்கம் கொண்டுவந்து, கடைசியில் ஒரு மடக்கு மடக்கி, சோற்றுப் பருக்கைகளை இடது உள்ளங்கையில் வாங்கிக்கொள்வாள். ஈர மேசையில் அந்த வளைவு கொஞ்ச நேரம் மின்னும், பிறகு காய்ந்து மறையும். காய்ந்து மறைகிற மேசை அது. இது தகரம். இங்கே அவள் கை அப்படியே நிற்கிறது, கையெழுத்துப் போட்டது போல. நேற்றுக் காலையில் நெற்றியில் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “எனக்கு மண்டய இடிக்கி. மணப்பாட்டுத் துட்டிக்கு நீங்க மட்டும் போயிட்டு வாங்க. நம்ம வீட்லருந்து ஆரும் போகலன்னா பெரியம்ம என்ன நெனைப்பாவ.” செத்தவர் அவள் உறவு, எனக்கு முகம்கூடச் சரியாக நினைவில்லை. ஆனாலும் ப்ரைமரை ஒதுக்கி வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பஸ் ஏறிப் போய், அழுகிறவர்கள் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அங்கே உட்கார்ந்துகொண்டு இவள் தலைவலியைப் பற்றித்தான் கவலைப்பட்டேன், இருட்டுவதற்கு முன்னால் திரும்பி வரும்போது ஒரு மாத்திரை வாங்கி வந்தேன். வாங்கிப் போட்டுக்கொண்டாள். தண்ணீர் குடித்தாள், என் கண் முன்னாலேயே. இல்லாத தலைவலிக்கு மாத்திரை விழுங்கத் தெரிந்த பெண் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போயிற்றே. இதுதான் வலிக்கிறது. கார் போனதல்ல, அந்த மாத்திரை.

கார் யாருக்காக? எனக்காகவா? துறைமுகத்துக்குத் துறைமுகம் இறங்கி, போன் கூண்டுக்குள் நின்று, நான் பேசியதெல்லாம் என்ன? கூண்டுக்கு வெளியே அடுத்தவன் கண்ணாடியைத் தட்டுவான், என் குரலே எனக்கு ஒருமுறை திரும்பிக் கேட்கும், அவள் குரல் கடலுக்கடியில் நடந்து வருவது போலத் தாமதித்து வரும். நான் சொல்வேன், கப்பலை விட்டு இறங்கினதும் நாம் இரண்டு பேரும் கிளம்பணும் பிலோமி, முன்சீட்டில் நீ, நான் ஓட்டுவேன், திருச்செந்தூர் தாண்டி, மணப்பாட்டு மேட்டில் சிலுவைக்கோயில், அங்கே நிறுத்திக் கடல் பார்ப்போம், அப்புறம் உவரி, அப்படியே கரையோரமாகக் கன்னியாகுமரி. அவள் “ம்” என்பாள். சீட்டுக்கு என்ன நிறம் போடலாம்? “ம்.” நீலம் பிடிக்குமா? “ம்.” அந்த “ம்”மை எடுத்துக்கொண்டு போய்த்தான் நான் தளத்தில் வேலை பார்த்தேன். வெயிலில் தகடு கொதிக்கும்போது, துருச்செதில் கண்ணில் தெறிக்கும்போது, கூட இருந்தவன்கள் குடித்துக் கவிழ்ந்து கிடக்கும்போது, எனக்கு அந்த ஒரு எழுத்து போதுமாக இருந்தது. பக்கத்து சீட்டில் அவள் எப்படி உட்கார்வாள் என்றுகூட எனக்குத் தெரியும். வேளாங்கண்ணிக்கு பஸ்ஸில் போனபோது உட்கார்ந்திருந்தாளே, சன்னலோரம், கையில் ஒரு எலுமிச்சம்பழம், அதை அவ்வப்போது மூக்கில் வைத்து முகர்ந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. எலுமிச்சை வாசனை இவளுக்கு எவ்வளவு பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பயணம் போகிற அன்று காலையில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள், நேர்ச்சை வைத்திருப்பாள், மாதாவுக்கு ஒருசந்தி போலிருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. எனக்காக, நான் பத்திரமாகத் திரும்பி வர, பட்டினி கிடக்கிறாள் என்று. கப்பலில் எங்களுக்கு மேஸ்திரியான சாரங்கிடம்கூடச் சொல்லியிருக்கிறேன், அந்தக் கிழவன் நான் கொடுத்து வைத்தவன் என்றான். கொடுத்து வைத்தவன்தான். வந்து பார்க்கட்டும் அந்தக் கிழவன், என் பானெட்டை.

வெயில் ஏறுகிறது. கொண்டல் திரும்புவதற்குள் அடித்தாக வேண்டும், கடல்காற்று வந்துவிட்டால் இந்தத் தகரம் முழுக்க மஞ்சள் பூத்துவிடும், திரும்பவும் முதலிலிருந்து தேய்க்க வேண்டும். கைகள் பாட்டுக்கு வேலை செய்கின்றன, அவற்றுக்கு இன்னும் சேதி போகவில்லை போல. வண்டியை மறுபடி தின்னரால் துடைத்தாயிற்று, கண்ணாடி இடங்களுக்குக் காகிதம் ஒட்டியாயிற்று, ப்ரைமரில் மருந்தைக் கலக்கியாயிற்று. கலந்துவிட்டால் அது காத்திருக்காது, டப்பாவிலேயே கெட்டியாகிவிடும். யாருக்கு அடிக்கப்போகிறேன்? அதுதான் கை நின்றுவிட்டது. இந்தப் பொட்டை அப்படியே விட்டு மேலே அடித்துவிட்டால் என்ன? ஒருவருக்கும் தெரியாது. சாம்பல் ப்ரைமர், அதன் மேல் பளபளவென்று நீலம். கோவில்பட்டிக்காரர் கோயில் கோயிலாக ஓட்டட்டும். ஒரு மழைக்காலம் போனதும் உள்ளே இருக்கிற துரு மூச்சுவிடும், பெயிண்ட் அம்மைக் கொப்புளமாகத் தூக்கும், சரியாக அவர் பொட்டு வைத்த இடத்தில். நல்ல வேலை. நன்றாக இருக்கிறது, நினைக்க நன்றாகவே இருக்கிறது, வாய்கூட ஊறுகிறது. ஆனால் அந்த மனுஷன் என்ன செய்தார். கும்பிட்டுப் பொட்டு வைத்தார். அவரை ஏமாற்றினால் இந்தக் கொட்டகையில் ஏமாற்றாதவர் ஒருவர்கூட மிஞ்ச மாட்டார். அப்படியானால் தேய்த்து எடுத்துவிட வேண்டியதுதான், உப்புத்தாள் போட்டு நாலு இழுப்பு, தகரம் மறுபடி வெள்ளையாகிவிடும். ஆனால் தேய்த்தால் அவள் கையும் போய்விடும். பிறகு எதைக் காட்டி நான் கேட்பது? தலைவலி இல்லாமல் மாத்திரை போட்டாயே என்றா? நீங்களாக எதையாவது நினைத்துக்கொள்கிறீர்கள் என்பாள், நானும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நம்பிவிடுவேன், என் புத்தி எனக்குத் தெரியும். நம்புவதற்கு இப்போதே ஒரு பக்கம் தயாராகத்தான் இருக்கிறது. வேண்டாம். பொட்டையும் அரைவட்டத்தையும் சேர்த்துச் சுற்றிலும் டேப் ஒட்டிக் காகிதத்தால் மூடினேன். முகமூடியை மாட்டிக்கொண்டு கம்ப்ரசரைப் போட்டேன். கூரையிலிருந்து தொடங்கி, கதவுகள், டிக்கி, மட்கார்டு, கடைசியாக பானெட். சாம்பல் நிறம் போர்வை மாதிரி இறங்கி மூடுகிறது. இந்த நேரம் எனக்கு எப்போதும் பிடிக்கும், அப்பாடா, இனி இதை யாரும் எதுவும் செய்ய முடியாது என்று தோன்றும். இன்றைக்குத் தோன்றவில்லை. கம்ப்ரசரை நிறுத்தி, காகிதத்தைப் பிரித்தேன். சாம்பலுக்கு நடுவில் ஒரு சன்னல் போல அந்த இடம் மட்டும் வெள்ளையாக, அதில் பொட்டு, அதில் அவள் கை.

காப்பி கொண்டு வருகிறாள். செருப்புச் சத்தம் கேட்கிறது, வாசலில் நிற்கிறது. உள்ளே வந்து டம்ளரை ஸ்டூலில் வைக்கிறாள், ஸ்டூலில் சிந்தியிருந்த காப்பியைச் சேலைத் தலைப்பால் துடைக்கிறாள், வளைத்து, தன் பக்கம், கடைசியில் ஒரு மடக்கு. எனக்குச் சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது, முகமூடி இருப்பது நல்லதாகப் போயிற்று.

“எல்லாம் அடிச்சாச்சே. அந்த எடத்த மட்டும் ஏன் விட்டுட்டிய?”

“அது நீ தொடச்ச எடம்.”

கிட்டே வந்து பார்க்கிறாள். மறுக்கப்போகிறாள் என்று காத்திருக்கிறேன், மறுக்க மாட்டாளா என்றும் இருக்கிறது.

“லாம்பர்ட்டு சொன்னானா?”

“ஒருத்தரும் சொல்லல.”

“அந்த மனுசரு கும்பிட்டுப் பொட்டு வச்சாரு. வேண்டாம்னு எப்பிடிச் சொல்ல? நீங்க பாத்தா மனசு கஷ்டப்படுவியன்னு ஈரத்துணி வச்சித் தொடச்சேன். போயிட்டுன்னுதான் நெனச்சேன்.” பொட்டைத் தொடப்போன விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறாள். “அவன மட்டும் ஏசாதிய. நாந்தான் விக்கச் சொன்னேன். முடியட்டும், மெதுவா சொல்லிக்கிடலாம்னு இருந்தேன்.”

நான்தான் என்கிறாள். துணை போனாள் என்றுதான் இவ்வளவு நேரமும் எண்ணிக்கொண்டிருந்தேன். தொடங்கியதே இவள்.

“ஏன் பிலோமி?”

“வந்த நாள்லருந்து போறதப் பத்தியே பேசுதிய. உவரி, கன்னியாகுமரின்னு. நீங்க வீட்ல இருப்பியன்னு நான் காத்துக் கெடந்தேன்.” பிறகு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, “எனக்கு வண்டியில ஏறுனாலே கொடலப் பெரட்டும். பச்சத்தண்ணி குடிச்சாலும் வாந்திதான். எலுமிச்சம்பழம் இல்லாம நான் எந்த வண்டியில ஏறியிருக்கேன்? பக்கத்துலதான இருந்திய” என்றாள்.

அந்த எலுமிச்சம்பழம். மாதாவுக்கு நேர்ச்சை. கையில் வைத்திருந்த டேப் சுருளைக் கீழே வைக்கிறேன், எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

“அப்ப நான் போன்ல கேக்கப்பல்லாம் ம்முன்னியே. சீட்டுல உக்காருவியான்னா ம். நீலம் போடவான்னா ம். அதெல்லாம் என்ன?”

என்னைப் புரியாத மாதிரி பார்க்கிறாள். நடிப்பில்லை. நடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

“ம்முன்னு சொல்லலன்னா லைன் கட்டாயிட்டுன்னு அலோ அலோன்னு கத்துவிய. பாதிப் பேச்சும் எனக்கு எங்க கேட்டுச்சு, ஒரே எரைச்சலு. நான் இருக்கேன்னு ஒங்களுக்குத் தெரியணும்லா, அதுக்குச் சொல்லுறதுதான்.”

வாசல் பக்கம் தூசி அசைகிறது. கொண்டல் திரும்பிவிட்டது. உப்புத்தாளை எடுத்து, காய்ந்த தாளை, அந்த இடத்தில் வைத்துத் தேய்க்கிறேன். பொட்டு போகிறது. அரைவட்டம் போகிறது, வால் கடைசியில் போகிறது. தகரம் வெள்ளையாக எழும்புகிறது, துணியில் தின்னர் தொட்டு ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை. ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்துக் கம்ப்ரசரைப் போடுகிறேன், கொட்டகை முழுக்க இரைச்சல். அவள் இன்னும் போகவில்லை. என் முதுகுக்குப் பின்னால் நின்று என்னவோ சொல்கிறாள், இரைச்சலில் பாதிதான் வருகிறது, வண்டியை அவருக்குக் கொடுத்துவிடலாம் இல்லையா என்கிறாள், வீட்டில் இருப்பீர்கள் இல்லையா என்கிறாள், குரலை உயர்த்துகிறாள்.

“என்னங்க. நான் சொல்லுறது கேக்குதா? கேக்குதா?”

திரும்பவில்லை. அவளுக்குக் கேட்கிற மாதிரி, முகமூடியைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு, சத்தமாகவே சொன்னேன்.

“ம்.”